தலைமைன்னு யார் பேரைப் போடலாம்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு ஜெராக்ஸ் மிஷினுக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். எங்கள் கடையில் பிள்ளையாருக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான்.) டெக்சாஸில் இருக்கும் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரி.

"அண்ணே, நான் பாதிரியார் ஆயிட்டேன்."

எடுத்த எடுப்பில் சித்தி முகம்தான் ஞாபகம் வந்தது. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ்க்குடம் தூக்கி வளர்ந்த பிள்ளை இவன். "மதம் மாறிட்டியாடா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நேத்து சாப்பிட்டு முடிச்சு சும்மா உக்காந்திருந்தேன். ஒரு சைட்ல பேரு, அட்ரஸ், ஈமெயில் கொடுத்து பட்டனை அமுக்கினேன். ரெண்டு நிமிஷம்தான். ஓசி வேற. நீங்க இனிமே குருவானவர்னு மெயில் வந்துடுச்சு."

விஷயம் இதுதான். அவன் ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கும் கோயமுத்தூர்ப் பெண்ணுக்கும் கல்யாணம். பையன் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. பெண்ணுக்கு ஹோமப் புகை ஒத்துக்கொள்ளாது. இரண்டு பேரையும் தெரிந்த ஒரு ஆள் நடுவில் நின்று நடத்தி வைத்தால் போதும் என்று இவனைப் பிடித்துவிட்டார்கள். அந்த ஊரில் கல்யாணத்தை நடத்தி வைக்கிறவர் நீதிபதியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஒரு மதத்தின் குருவாக இருக்க வேண்டும். நீதிபதி ஆவதற்கு நாளாகும். அதனால் குருவாகிவிட்டான்.

போனை வைத்ததும் சித்தி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வடக்குத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முந்திரித் தோப்புதான். சித்தி ஆட்டுக்கறி கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப இனிமே அவன் கவுச்சி சாப்பிட மாட்டானா?"

இந்தக் கேள்வியை இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான் கேட்க முடியும். எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால், உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் வடலூர் வந்துவிடும். கொலையும் புலையும் விட்டவர்கள்தான் சத்திய ஞான சபைக்குள் போகலாம், மற்றவர்கள் வெளியில் நின்று கும்பிட வேண்டும் என்று வள்ளலார் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. தட்டில் என்ன என்று மட்டும் கேட்டார். உள்ளே விளக்கேற்றுகிறவர் விஷயத்தில் இன்னும் கறார். 12 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் 72 வயதுக்கு மேலே. ஆசை வராத வயசு, வந்து போன வயசு. நானும் தம்பியும் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கூட்டம்.

வள்ளலார் வகுத்த முறையை மீறிச் சபைக்குள் லிங்க வழிபாடு நடக்கிறது என்று புகார் போய், 2006-இல் அறநிலையத் துறை அதைத் தடுத்தது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த உத்தரவு சரி என்றது. ஒரு விளக்கை யார் ஏற்றலாம், அதற்கு முன்னால் யார் என்ன செய்யலாம் என்பதற்கு நூற்று முப்பது வருஷம் கழித்துக் கோர்ட்டு படி ஏறிய ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களிடம் போய் ரெண்டு நிமிஷத்தில் சாமியார் என்றால் சும்மா இருப்போமா?

கடைக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் கூட்டம் கறிக்கடையில்தான் இருக்கும், ஜெராக்ஸ் கடையில் இருக்காது.

இந்த வியாபாரத்தை ஆரம்பித்து வைத்த மகான் பெயர் கர்பி ஹென்ஸ்லி. வட கரோலினாவில் 1911-இல் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பாப்டிஸ்ட் சபைப் பிரசங்கியாக இருந்து, அங்கே ஒத்துவராமல், கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊரில் தன் வீட்டு கார் ஷெட்டில் ஒரு சபை ஆரம்பித்தார். 1962-இல் அதையே யுனிவர்சல் லைஃப் சர்ச் என்று பதிவு செய்தார். வேதம் கிடையாது, கோட்பாடு கிடையாது. சரியானதை மட்டும் செய், எது சரி என்று நீயே முடிவு பண்ணிக்கொள். அவ்வளவுதான் மொத்த மதமும். யார் கேட்டாலும் குருப்பட்டம் இலவசம், தபாலில் வரும். 20 டாலர் கொடுத்தால் கௌரவ டாக்டர் பட்டமும் உண்டு. (நம் ஊரில் எத்தனை கட்டவுட்டில் டாக்டர் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள். எனக்கு அந்த உரிமை இல்லை. அதில் பாதி என் கடையில் டிசைன் பண்ணியது.)

வியட்நாம் போர் நடந்த காலத்தில் மத குருக்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு இருந்தது. கல்லூரிப் பையன்கள் வரிசை கட்டி ஹென்ஸ்லிக்குக் கடிதம் போட்டார்கள். பிறகு வரி விலக்குக்காக ஒரு கூட்டம். நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில் ஹார்டன்பர்க் என்று ஒரு சின்ன ஊர். 1976-இல் சொத்து வரி தாங்க முடியாமல் அந்த ஊர் நிலக்காரர்களில் பெரும்பாலானோர் சேர்ந்தாற்போல் குருக்கள் ஆகிவிட்டார்கள். வீடெல்லாம் சர்ச், வீட்டுக்காரர் எல்லாம் பாதிரியார். வரி வசூலிக்கப் போனவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அரசாங்கம் சும்மாவா இருந்தது? வரித் துறை வரி கேட்டது, ஹென்ஸ்லி சபை வழக்குக்குப் போனது. 1974-இல் கலிபோர்னியாவில் ஒரு மத்திய நீதிபதி, ஒரு மதம் நல்லதா கெட்டதா, அர்த்தமுள்ளதா இல்லாததா என்று எடை போடுவது கோர்ட்டின் வேலையும் இல்லை, அரசின் வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு தீர்ப்பில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அமெரிக்காவில் இரண்டு விதிகள். ஒன்று, பெரும்பாலான மாநிலங்களில் கல்யாண லைசென்சில் ஒரு குருவோ நீதிபதியோ கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று, யார் உண்மையான குரு என்று அரசாங்கம் கேட்கக் கூடாது, அவர்கள் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதைத் தடுக்கிறது. குரு வேண்டும், ஆனால் குருவா என்று கேட்கவும் முடியாது. வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, அவன் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. அந்தச் சந்தில்தான் ஹென்ஸ்லி புகுந்தார். 1999-இல் அவர் போய்ச் சேர்ந்த பிறகு தபால் போய் இணையதளம் வந்தது. அவர் சபையிலிருந்து பிரிந்து சியாட்டிலில் இயங்கும் ஒரு கிளை, தாங்கள் இதுவரை 2 கோடிப் பேருக்கு மேல் பட்டம் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. பட்டம் இலவசம். சர்டிபிகேட் வேண்டுமா, காசு. நற்சான்றுக் கடிதமா, காசு. காரில் மாட்ட அட்டையா, அதற்கும் காசு. பிரிண்டிங் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

எல்லா மாநிலமும் இதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளவில்லை. 2019-இல் டென்னசி மாநிலம், இணையத்தில் பட்டம் வாங்கியவர்கள் கல்யாணம் நடத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. சியாட்டில்காரர்கள் உடனே வழக்குப் போட்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்த வழக்கு வட கரோலினாவில் 1980-இல் தீர்ப்பானது. ஒருவன் முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவது கல்யாணம் பண்ணிக்கொண்டான். இருதார மணக் குற்றத்தில் தண்டனை கிடைத்தது. அவன் மேல்முறையீட்டுக்குப் போனான். முதல் கல்யாணத்தை நடத்தி வைத்தது யார் என்று பார்த்தால், பெண்ணின் அப்பா! அவர் கத்தோலிக்கர், சாதாரண குடும்பஸ்தர். 10 டாலருக்கு ஹென்ஸ்லி சபையின் சர்டிபிகேட்டைத் தபாலில் வாங்கி வைத்திருந்தார். இவர் சட்டப்படி குருவே இல்லை, ஆகவே அந்தக் கல்யாணம் செல்லும் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, ஆகவே இருதார மணம் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் அவனை விட்டுவிட்டது. மாப்பிள்ளை தப்பித்தார், மாமனார் கையாலேயே. அடுத்த வருஷம் சட்டசபை, அதுவரை இப்படி நடந்த கல்யாணங்கள் எல்லாம் செல்லும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று.

இப்போது நம் பக்கம் வருவோம்.

தம்பி மாதிரி ஒருத்தன் இங்கே இந்திரா நகரில் உட்கார்ந்து அதே பட்டனை அமுக்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்தை நடத்தி வைத்தால் கதை வேறு. இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872 என்று ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. யார் நடத்தலாம் என்று அதன் 5-ஆவது பிரிவு பட்டியல் போடுகிறது. ஆயரிடம் குருப்பட்டம் பெற்றவர், ஸ்காட்லாந்து சபைக் குரு, அரசு உரிமம் பெற்ற மத குரு, திருமணப் பதிவாளர், இப்படி. அதிகாரம் இல்லாதவர் நடத்தினால் 68-ஆவது பிரிவு: பத்து வருஷம் வரை சிறை. கல்யாணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது, சில சபைகளுக்கு மட்டும் விலக்கு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பட்டனை அமுக்குகிற ஆளுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வடலூரில் ஞான சபை திறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 18-இல் அந்தச் சட்டம் வந்தது. ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் வெள்ளைக்காரன் யார் குரு என்று பட்டியல் போடுகிறான், இன்னொரு பக்கம் இந்த மேட்டு மண்ணில் ஒரு மனுஷர், சடங்கும் வேண்டாம் சாத்திரமும் வேண்டாம், அணையாத அடுப்பில் கஞ்சி காய்ச்சி ஊற்று என்கிறார். அந்த அடுப்பு 1867-இல் பற்ற வைத்தது. இன்றைக்கும் எரிகிறது. நெய்வேலியில் நிலக்கரி எடுத்து உலைமூட்ட ஆரம்பித்ததெல்லாம் அதற்கு எவ்வளவோ பின்னால்.

கிறிஸ்தவ நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குத் தலைமையிடமே கடலூர்தான். அந்த மாதிரிச் சபைகளில் ஐயர் ஆக வேண்டும் என்றால் இறையியல் கல்லூரியில் வருஷக்கணக்கில் படிக்க வேண்டும், பிறகு சபை அனுப்புகிற கிராமத்தில் போய் உட்கார வேண்டும். கத்தோலிக்கச் சாமியார் ஆவதற்குப் பத்து வருஷம்கூடப் போதாது. அதே தெருவில் ஷட்டர் ரூம் வாடகைக்கு எடுத்து, ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், இருபது பிளாஸ்டிக் நாற்காலியோடு ஆரம்பிக்கிற பாஸ்டர்களும் உண்டு. அவர்களை நான் கேலி பண்ண மாட்டேன். நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறவர் அவர்களில் இருக்கிறார். ஆனால் கல்யாணம் என்று வந்தால் அவர்களுக்கும் உரிமம் வேண்டும்.

கோயில் பக்கம் கதை இதைவிட நீளம். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து 1970-இல் கலைஞர் அரசு சட்டம் கொண்டு வந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை விட்டு வைத்தது, ஆனால் ஆகமம் என்ற கதவைத் திறந்தும் வைத்தது. 2006-இல் மறுபடி அரசாணை, தகுதியும் பயிற்சியும் உள்ள எந்தச் சாதி இந்துவும் அர்ச்சகர் ஆகலாம் என்று. ஆறு ஊர்களில் பயிற்சிப் பள்ளி. இருநூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து மந்திரம் படித்து, பூசை முறை படித்து, தீட்சை வாங்கி, சர்டிபிகேட்டோடு வெளியே வந்தார்கள். வந்து? வழக்கு. 2015 டிசம்பரில்தான் தீர்ப்பு. 2018-இல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 14-இல் முதலமைச்சர் ஸ்டாலின் கையால் 24 பேர் ஆணை வாங்கினார்கள். படித்து முடித்து ஒரு மாமாங்கம் தாண்டி. அங்கே பட்டனை அமுக்கினால் குரு. இங்கே படித்துப் பரீட்சை எழுதியவர் சர்டிபிகேட்டை பீரோவில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தம்பியிடம் இதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "அவங்கள்ளாம் அங்க பட்டன் அமுக்கியிருக்கலாம்ணே" என்றான். ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் கல்யாண விஷயத்தில் மட்டும் நாம் அமெரிக்காவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டோம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் முன்னின்று புரோகிதர் இல்லாத கல்யாணம் நடத்தினார். பிறகு ஊர் ஊராக நடந்தன. நடந்தனவே தவிர, சட்டம் ஏற்கவில்லை. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், சாத்திரமும் இல்லை, காலங்காலமான வழக்கமும் இல்லை, ஆகவே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கேள்விக்குறி. அண்ணா முதலமைச்சர் ஆனதும் 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னால் நடந்ததும் செல்லும், இனி நடப்பதும் செல்லும்.

அந்தப் பிரிவை நான் கடையில் பல தடவை பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உறவினர், நண்பர், அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரிகிற எந்த மொழியிலாவது ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும், அல்லது மோதிரம் போட வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். முடிந்தது. மசோதாவில் 'மற்றும்' என்று இருந்ததைப் பெரியார்தான் 'அல்லது' என்று மாற்றச் சொன்னார், இல்லாவிட்டால் எல்லாருக்கும் தாலி கட்டாயமாகியிருக்கும் என்று திராவிடர் கழகக்காரர்கள் சொல்வார்கள். ஒரு சொல்லில் எவ்வளவு இருக்கிறது என்று ப்ரூஃப் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

அமெரிக்கா என்ன செய்தது? குரு கட்டாயம் என்று வைத்துக்கொண்டு எல்லாரையும் குருவாக்கியது. அண்ணா குருவே வேண்டாம் என்றுவிட்டார். அங்கே சட்டம் கேட்பது, நடுவில் நிற்கிற நீ யார்? இங்கே கேட்பது, பக்கத்தில் யார் இருந்தார்கள்? (நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் பென்சில்வேனியாவில் குவேக்கர்கள் புண்ணியத்தில் நடத்தி வைக்க ஆளில்லாமலே மணந்துகொள்ளும் லைசென்ஸ் உண்டு. தம்பி பென்சில்வேனியாவில் இருந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.)

வட கரோலினா மாப்பிள்ளை மாதிரியே நம் ஊரிலும் ஒருவர் முயற்சி செய்தார். முதல் மனைவி இருக்கும்போதே 1984-இல் திருத்தணியில் இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி வழக்குப் போட்டார். கணவர் தரப்பு வாதம், இரண்டாவது கல்யாணத்தில் அக்னிக்கு முன் ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. கீழ்க்கோர்ட்டில் அது எடுபட்டது. 2001-இல் உச்ச நீதிமன்றம் வரை போனபோது நீதிபதிகள் 7-ஏ பிரிவை எடுத்துக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் சப்தபதி தேவையில்லை, மாலை மாற்றித் தாலி கட்டினீர்கள் அல்லவா, அது போதும், கல்யாணம்தான், குற்றம்தான். அங்கே குரு சரியில்லை என்று ஒருவன் தப்பினான். இங்கே சடங்கு சரியில்லை என்று சொல்லித் தப்ப முடியவில்லை. பெண்ணுக்கு எது பாதுகாப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக இங்கே ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வக்கீல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மாலை மாற்றிச் சான்றிதழ் வாங்குகிற வழக்கம் பெருகி, 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரகசியமாக நடப்பது திருமணம் ஆகாது என்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றுவிட்டது. வீட்டில் வெட்ட வருகிறார்கள் என்று ஓடி வருகிற பிள்ளைகளிடம் ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ணு என்று சொல்ல முடியுமா? வக்கீல் தொழில்முறையில் இல்லாமல் நண்பராகப் பக்கத்தில் நிற்கலாம் என்றது கோர்ட்டு. எங்கள் கடலூர் மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் எடை தெரியும். நான் விளக்கப் போவதில்லை.

இவ்வளவு சுலபமான சட்டம் இருந்தும் என் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எதில் சண்டை போடுகிறார்கள் தெரியுமா? தலைமையில். முகூர்த்தப் பத்திரிகையில் அந்த வம்பே இல்லை, ஐயர் பேரை யாரும் போடுவதில்லை. சுயமரியாதைக் கல்யாணம் என்றால்தான் தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார் என்று மூன்று வரிசை. ஒன்றியம் பேர் மேலேயா, தொழிற்சங்கம் பேர் மேலேயா? என்எல்சி-யில் ரிட்டையர் ஆன பெரியப்பா பேர் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஒரு குடும்பம் முன்னூறு பத்திரிகையைத் திரும்பக் கொண்டு வந்து போட்டது. புரோகிதரைச் சட்டம் அனுப்பிவிட்டது, நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கிறது. யாராவது உட்கார்ந்தால்தான் நமக்குத் திருப்தி.

போன வருஷம் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.

பிளஸ் டூ முடித்ததிலிருந்து ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு என் கடைக்கு வருகிற பெண். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து தவறிவிட்டார். மாப்பிள்ளை பண்ருட்டி பக்கம், பலாப்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறார். பத்திரிகை ப்ரூஃப் பார்க்க வந்தவர்களிடம் வழக்கம் போலக் கேட்டேன், தலைமைன்னு யார் பேரைப் போடலாம்? இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "உங்க பேரைப் போட்டுக்குங்கண்ணா. எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

எனக்கு எந்தச் சர்டிபிகேட்டும் இல்லை. பட்டனும் இல்லை. அன்று ராத்திரி தூக்கமும் இல்லை. உறுதிமொழியை நானே எழுதி, நாலு தடவை திருத்தி, பதினெட்டுப் புள்ளியில் பிரிண்ட் எடுத்து லேமினேஷனும் போட்டுவிட்டேன். தொழில் புத்தி. சுயமரியாதைக் கல்யாணம்தான், ஆனால் பெண்ணின் அம்மாவுக்காக ராகு காலம் தள்ளித்தான் நேரம் குறித்தோம். தட்டில் அட்சதையும் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

மைக்கைப் பிடித்துப் பேசினேன். உறுதிமொழி சொன்னார்கள். பெண்ணுக்குக் குரல் நடுங்கவில்லை, எனக்குத்தான் நடுங்கியது. மாலை மாற்றினார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கட்டினார். மண்டபம் அப்படியே அமைதியாக இருந்தது. ஏதோ குறைகிறது என்று எல்லாருக்கும் தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தவில்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கெட்டிமேளம் என்று விரலைத் தூக்கிக் காட்டுவது ஐயர் வேலை. ஐயரைத்தான் அனுப்பிவிட்டோமே! மூன்றாவது முடிச்சும் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்து, மைக்கிலேயே "அடிங்க! அடிங்க!" என்று கத்தினேன். வீடியோவில் அது இருக்கிறது. இந்தத் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை.

இந்த வாரம் தம்பி மறுபடி கூப்பிட்டான். அவர்களுக்கு லைசென்ஸ் வாங்கியாகிவிட்டதாம். குருப்பட்டத்துக்கு ரெண்டு நிமிஷம், ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்து 72 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம் நடத்தலாம், 90 நாளைக்குள் நடத்த வேண்டும், முடிந்து 30 நாளைக்குள் இவன் கையெழுத்துப் போட்டுக் கவுண்டி ஆபீஸில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பட்டம் கொடுத்த சைட்டில் என்ன பேசுவது என்று மாதிரி உரை இருக்கிறதாம், படித்தால் சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றான். "நீ எழுதின உறுதிமொழியை அனுப்புண்ணே. தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை சொல்ல வைக்கிறேன்."

லேமினேஷன் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சித்தி பக்கத்தில் இருந்தார். போனை வாங்கி, "ஏன்டா, இன்னைக்கு என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். சிக்கன் பிரியாணி என்றான். சித்திக்கு நிம்மதி.

பெண்ணின் அம்மா கோயமுத்தூரிலிருந்து வருகிறாராம், நாதஸ்வரம் இல்லாமல் கல்யாணமா என்கிறாராம். அந்த ஊரில் வித்வானுக்கு எங்கே போவது? புளூடூத் ஸ்பீக்கரில் கெட்டிமேளத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

"அதை அமுக்குறது யாரு?" என்றேன்.

"அது... யாராவது அமுக்குவாங்கண்ணே."

"யாராவதுன்னு விடாத. முதல்லயே ஒரு ஆளைச் சொல்லி வை" என்றேன். அவன் எதற்கு என்று கேட்டான். வீடியோ லிங்க்கை அனுப்பி வைத்தேன்.